எந்த மலை வெயிலைத் தாங்கும்? கியூஜிஐஎஸ்ஸில் வரைபடம் போடும் முறை

மூணாறிலிருந்து மறையூருக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர்தான். மூணாறில் விடாத சாரல். மறையூரில் மலை மழையை மறைத்துவிடும், சின்னாறு வரை முள்காடு. வெயில் கூடினாலும் உயிர்கள் எங்கே தாக்குப்பிடிக்கும் என்று வரைபடமாகப் போடும் இந்த வேலையே இதுபோன்ற வித்தியாசத்தை நம்பித்தான். ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். வெயில் கூடினால் சமவெளி உயிர்கள் குளிர்ச்சி தேடி வெகுதூரம் போக வேண்டும். மலையில் ஓடையோரம் இறங்கினாலோ வடக்குச் சரிவுக்குத் தாண்டினாலோ போதும். ஆக, கேள்வி இரண்டு: நிலம் எத்தனை விதமாக மடிந்து கிடக்கிறது? அங்கே போய்ச் சேர வழி இருக்கிறதா? அமெரிக்காவின் நேச்சர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பில் மார்க் ஆண்டர்சன் குழு வகுத்த முறை இது. நான் சொல்வது அதன் எளிய வடிவம்.

கியூஜிஐஎஸ் (QGIS) என்ற இலவச வரைபட மென்பொருள் கணினியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். இதற்கெல்லாம் காசு கொடுத்து ஆர்க்ஜிஐஎஸ் வாங்க வேண்டாம்.

படி 1: கோப்பர்னிகஸ் (ஐரோப்பியச் செயற்கைக்கோள் திட்டம்) 30 மீட்டர் உயரத் தரவை இறக்கி, இபிஎஸ்ஜி (EPSG) 32643-க்கு மாற்றுங்கள். தூரத்தை மீட்டரில் அளக்கும் ஆயமுறையின் எண் அது.

படி 2: கியூஜிஐஎஸ்ஸுக்குள் இருக்கும் கிராஸ் (GRASS) கருவிகளில் ஆர்.ஜியோமார்ஃபான் (r.geomorphon). முகடு, சரிவு, பள்ளத்தாக்கு என்று நிலத்தைப் பத்து வகையாகப் பிரித்துத் தரும். அப்புறம் ஆர்.நெய்பர்ஸ் (r.neighbors) கருவியில் 25 கட்டம் அகல வட்டம் வைத்து, உள்ளே எத்தனை வகை என்று எண்ணச் சொல்லுங்கள். அதே வட்டத்தில் உயர வீச்சையும் (மிக உயரத்துக்கும் மிகத் தாழ்வுக்கும் உள்ள வித்தியாசம்) எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: வழி இருக்கிறதா? நான் சறுக்கி விழுந்தது இங்கேதான். ஈசா (ஐரோப்பிய விண்வெளி முகமை) தரும் வேர்ல்ட்கவர் நிலப்பரப்புத் தரவை எடுத்து மரத்துக்கு 1, புல்லுக்கு 5, கட்டடத்துக்கு 10 என்று, உயிர்கள் கடந்துபோக எவ்வளவு தடை என்பதற்கு மதிப்பெண் போட்டேன். தடை குறைந்த இடம் பச்சை, கூடிய இடம் சிவப்பு. வரைபடம் பார்க்க அழகாகத்தான் வந்தது. எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, ஃபேக்டரி விறகுக்கு நட்ட கிராண்டிஸ் எல்லாம் பச்சையா இருக்கு, வரையாடு மேயுற புல்லு செவப்பா இருக்கு?" என்றார்.

தப்பு என்னுடையது. அந்தத் தரவில் நட்டு வளர்த்த தோப்பும் 'மரம்'தான். கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸும் சோலை என்கிற இயற்கை மலைக்காடும் ஒரே நிறம். இரவிகுளத்து மலைப்புல்வெளியோ இயற்கையாகவே புல்வெளி, தரிசு இல்லை. இதைத் தானாகத் திருத்தும் பொத்தான் எதையும் நான் காணவில்லை. செயற்கைக்கோள் படத்தில் தோப்பின் ஓரம் அளவுகோல் வைத்து வெட்டியதுபோல் நேராக ஓடும். சோலையின் ஓரம் ஓடையோடு சேர்ந்து வளையும். அதை வைத்துத் தோப்புகளைக் கையாலேயே வரைந்தேன், இரண்டு ஞாயிறு போயிற்று. பிறகு மலைப்புல்லுக்கு 1, கிராண்டிஸுக்கு 6, தேயிலைக்கு 5. எண்கள் என் கணிப்புதான். உங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மதிப்பெண் போட்ட பிறகு 90 மீட்டர் கட்டமாகச் சுருக்கி, 67 கட்டம் அகல வட்டத்தில் (சுமார் 3 கிலோமீட்டர் ஆரம்) சராசரி எடுங்கள். சுருக்காமல் ஓட்டினால் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது.

படி 4: நில வகை, உயர வீச்சு, வழி என்ற மூன்று அடுக்குகளிலும் சராசரியைக் கழித்துத் திட்டவிலக்கத்தால் வகுத்துக் கூட்டுங்கள். வழிக்கான அடுக்கு தடையைக் காட்டுவதால் அதைக் குறி மாற்றிச் சேர்க்க வேண்டும். ஈரப் பக்கத்துக்கும் மழைமறைவுப் பக்கத்துக்கும் சராசரியைத் தனித்தனியாக எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்தால் ஆனைமுடிச் சிகரம் இருக்கும் ஈரப் பக்கமே எப்போதும் ஜெயிக்கும். முள்காட்டிலேயே எந்த இடம் மேல் என்பது தெரியாமல் போய்விடும்.

பின்சேர்க்கை: சித்தூரிலிருந்து ஒரு நண்பர், வரைபடம் பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார். நான் பாலக்காட்டுச் சித்தூர் என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் குழம்பினேன். அவர் ஆந்திரச் சித்தூராம்! 78 டிகிரி தீர்க்கரேகைக்குக் கிழக்கே இருந்தால் 32644 போடுங்கள்.

இன்னொருவர் தரவை மாநில எல்லையிலேயே வெட்டிவிட்டார். ஓரமெல்லாம் பொய்யாகச் சிவந்துவிட்டது. உடுமலைப் பக்கம் ஐந்து கிலோமீட்டராவது கூடுதலாக எடுத்து, கணக்கு முடிந்த பிறகு வெட்டுங்கள்.