டிராய்க்குப் பதில் எழுதுவது எப்படி?

நான் ரீசார்ஜ் கடைக்காரன். நெட் நியூட்ராலிட்டி, அதாவது எல்லா இணையதளத்தையும் கம்பெனிகள் பாரபட்சமில்லாமல் தர வேண்டும் என்ற விவகாரத்தில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு இரண்டு முறை எழுதியிருக்கிறேன். முதல் தடவை சொதப்பல்.

2015 மார்ச்சில் மக்களிடம் கருத்துக் கேட்டு டிராய் வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கை 118 பக்கம். நான் ஒரு பக்கமும் புரட்டவில்லை. யாரோ அனுப்பிய தயார் மின்னஞ்சலில் என் பெயரைப் போட்டுத் தட்டிவிட்டேன். அப்படிப் பத்து லட்சம் மின்னஞ்சல் குவிந்தது, கூட்டம் காட்ட அது உதவியது, சரி. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில், இணையதளத்துக்கு இணையதளம் வேறு கட்டணம் வாங்கலாமா என்று அடுத்த அறிக்கை வந்தபோது கதை மாறியது. சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்தை ஆதரித்து லட்சக்கணக்கில் வந்த தயார் மின்னஞ்சல்களைப் பார்த்து, 'நாங்கள் கேட்ட கேள்விக்கு இதில் பதில் இல்லையே' என்றது டிராய். கேட்டிருந்ததே நான்கு கேள்விதான்.

அதனால் அறிக்கையைக் கடைசியிலிருந்து திறங்கள். கேள்விகள் அங்கேதான் வரிசையாக இருக்கும். உங்களுக்குப் பதில் தெரிந்ததை மட்டும் எடுத்து, கேள்வி எண்ணைப் போட்டு எழுதினால் போதும். பக்கம் பக்கமாகச் சட்டம் பேசக் கம்பெனிகளிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள். நம்மிடம் இருப்பது நாம் பார்த்தது.

இரண்டாம் தடவை நான் எழுதியது இதுதான். ஒரு அக்கா, தன் மகனுக்காக ஃபேஸ்புக்குக்கு மட்டும் செல்லும் 'ஃபேஸ்புக் பேக்' போட்டுக்கொண்டு போனார். நெட் என்றால் அதுதான் என்று நினைத்திருக்கிறார். பரீட்சை ரிசல்ட் பக்கத்தைத் திறந்ததும் மெயின் பேலன்ஸ் 30 ரூபாயும் காலி. மறுநாள் கடை வாசலில் சண்டை, என்னோடு! கம்பெனியோடு சண்டை போட அவருக்கு வழி ஏது?

2016 பிப்ரவரி 8-ம் தேதி அப்படிப்பட்ட பாரபட்சக் கட்டணத்துக்குத் தடை வந்தது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். என் கடிதத்தால் வந்தது என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம், கருத்துக்கான கெடு முடிந்ததும் எதிர்க்கருத்துக்குத் தனியாகச் சில நாள் கொடுப்பார்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள். கம்பெனிகள் எழுதியதை டிராய் தளத்திலேயே படித்து மறுக்கலாம். உங்கள் கடிதமும் அங்கே ஏறும், எனவே வீட்டு முகவரியையும் கைபேசி எண்ணையும் உள்ளே எழுதாதீர்கள்.