எடை குறைக்கத் தொடங்குகிறீர்களா? முதலில் எண்ணெய் பாட்டிலை நிறுங்கள்

மாவுச்சத்தைக் குறைப்பதா, கலோரியைக் குறைப்பதா என்று விவாதித்தே மாதங்களை ஓட்டியவன் நான். இரண்டும் எதிர்க்கட்சிகள் அல்ல என்பது பிறகுதான் புரிந்தது. செலவாவதைவிடக் குறைவாகச் சாப்பிட்டால் எடை இறங்கும். அது கலோரிக் கணக்கு. மாவுச்சத்தைக் குறைப்பது, அந்தக் கணக்கை அதிகப் பசியில்லாமல் சரிக்கட்டப் பலருக்கு உதவும் ஒரு வழி, அவ்வளவுதான். 2018-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் 609 பேரை ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இளைத்தார்கள். ஒவ்வொரு குழுவிலும் நன்றாக இளைத்தவர்களும் உண்டு, எடை கூடியவர்களும் உண்டு. ஆகவே உங்களால் எதைத் தொடர முடியுமோ அதுவே உங்களுக்கான டயட்.

நீரிழிவுக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், உணவுக்கோளாறு இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மேலே போக வேண்டாம். குறிப்பாக இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் மருந்தின் அளவை மாற்றாமல் மாவுச்சத்தை மட்டும் குறைத்தால் ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடலாம்.

முதல் படி: ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள்

வழக்கம்போலச் சாப்பிட்டு, எல்லாவற்றையும் நிறுத்து எழுதுங்கள். ஒரு சமையலறைத் தராசு போதும். சமைக்குமுன் எண்ணெய் பாட்டிலை அதன்மேல் வையுங்கள். சமைத்த பிறகு மறுபடி வையுங்கள். நான் முதல் நாள் வைத்தபோது 612 கிராம் இருந்தது, அடுப்பை அணைத்தபின் 571. அதுவரை ‘எண்ணெய், இரண்டு தேக்கரண்டி’ என்று மனசாட்சியோடு எழுதிவந்தேன். இரண்டு தேக்கரண்டி ஏறக்குறைய 80 கலோரி. போனதோ 41 கிராம். கிராமுக்கு 9 வீதம் 369 கலோரி. பட்டினி கிடந்தும் இளைக்கவில்லையே என்று புலம்பிய நாட்களின் ரகசியம் அந்தப் பாட்டிலில் இருந்தது.

இன்னொரு பொறி அரிசி. 100 கிராம் அரிசியில் சுமார் 360 கலோரி. 100 கிராம் சோற்றில் சுமார் 130. அரிசியை நிறுத்துவிட்டுச் சோற்றின் கணக்கை எழுதினால் கணக்கே குப்பை.

இரண்டாம் படி: செலவைக் கணக்கிடுங்கள்

உடல் ஒரு நாளில் எவ்வளவு கலோரி செலவழிக்கிறது என்று கணிக்க, 1990-இல் வந்த மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் எளிது. கிலோவில் எடையை 10-ஆலும், சென்டிமீட்டரில் உயரத்தை 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண்கள் 5 கூட்ட வேண்டும், பெண்கள் 161 கழிக்க வேண்டும். உட்கார்ந்தே வேலை செய்பவர்கள் வருவதை 1.2-ஆல் பெருக்க வேண்டும்.

80 கிலோ, 160 சென்டிமீட்டர், 35 வயதுப் பெண்ணுக்கு 1,464 வரும், பெருக்கினால் 1,757. இதில் 400 குறைத்து, நாளுக்கு 1,350 என்று வைத்துக்கொள்ளலாம். ஆத்திரப்பட்டு 1,200-க்குக் கீழே போகாதீர்கள்.

மூன்றாம் படி: புரதத்துக்கு முதல் இடம்

தசை கரையாமலிருக்கவும் வயிறு நிறையவும் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் என்று வையுங்கள். அந்தப் பெண்ணுக்கு 96 கிராம், அதாவது கிராமுக்கு 4 வீதம் 384 கலோரி. மாவுச்சத்து 100 கிராம், 400 கலோரி. மிச்சம் 566, அது 63 கிராம் கொழுப்பு. நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே வந்தாலே குறைந்த மாவுச்சத்துதான். எடுத்த எடுப்பில் 50-க்குக் கீழே போகும் கீட்டோ, தொடங்குகிறவருக்குத் தேவையில்லாத வீரம் என்பது என் கருத்து.

வெட்ட வேண்டியதில் முதலிடம் இனிப்பு பானங்களுக்கும் பழச்சாறுக்கும். அடுத்து சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு இவற்றைப் பாதியாக்குங்கள். காய்கறியில் கை வைக்காதீர்கள். பாதாமில் மாவுச்சத்து குறைவுதான், ஆனால் ஒரு கைப்பிடியே 170 கலோரியைத் தாண்டும்.

நான்காம் படி: முதல் வார எடையை நம்பாதீர்கள்

உடல் மாவுச்சத்திலிருந்து சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன், தன்னைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்து குறைந்ததும் இரண்டும் சேர்ந்து வெளியேறும். இரண்டு கிலோ சடாரென்று இறங்கினால் பெரும்பகுதி தண்ணீர். அதோடு உப்பும் போவதால் தலைவலி, சோர்வு வரலாம். நீரும் உப்பும் குறையாமல் பார்த்துக்கொண்டால் சில நாட்களில் சரியாகும்.

பிறகு தினமும் காலையில், கழிவறை சென்று வந்ததும் எடை பாருங்கள். வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். நான்கு வாரம் அசையவில்லை என்றால், சாப்பாட்டைக் குறைக்குமுன் எண்ணெய் பாட்டிலை மறுபடி தராசில் ஏற்றுங்கள். அங்கே தவறில்லை என்றால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்: 80 கிலோவில் 1,757 ஆக இருந்த செலவு, 75 கிலோவில் 1,697-ஆகச் சுருங்கியிருக்கும்.