அமெரிக்க பீரைத் தேர்ந்தெடுத்துச் சுவைப்பது எப்படி: நெல்லையிலிருந்து செல்வோருக்கு

பாளையங்கோட்டையிலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் பிள்ளைகளைப் பார்க்கவோ வேலைக்காகவோ அமெரிக்கா செல்வோரில் பீர் அருந்தும் பழக்கமுள்ளவர்கள், அந்நாட்டு பீரில் சாரமே இராது என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டே விமானம் ஏறுகிறார்கள். அந்தப் பெயர் ஒரே ஒரு வகை பீரால் வந்தது. அதை மட்டும் குடித்துவிட்டுத் திரும்புவது பெரிய இழப்பு என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்த வகை, குளிரில் மெல்லப் புளிக்கவைக்கும் வெளிறிய லாகர். 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஜெர்மானியத் தயாரிப்பாளர்கள், புரதம் மிகுந்த உள்ளூர் பார்லியால் பீர் கலங்குவதைத் தவிர்க்க மக்காச்சோளமும் அரிசியும் சேர்த்தார்கள். பட்வைசரில் இன்றும் அரிசி உண்டு. தாமிரபரணிப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் நாம் அரிசியைக் குறை சொல்ல வேண்டியதில்லை, அது பீரை இலேசாக்குகிறது, அவ்வளவுதான். 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கு சிறு ஆலைகளை அழித்ததும், எஞ்சிய பெரிய நிறுவனங்கள் நாடெங்கும் ஏறத்தாழ ஒரே சுவையில் விற்றதும், அதே சரக்கு வெளிநாடுகளுக்குப் போனதும்தான் கெட்ட பெயருக்குக் காரணங்கள்.

மாற்றத்துக்கு வழி திறந்தவர்களுள் ஃபிரிட்ஸ் மேடாக் முதன்மையானவர். மூடப்படவிருந்த சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலையை அவர் 1965இல் பங்கு வாங்கி மீட்டார். வீட்டிலேயே பீர் தயாரிக்க அனுமதிக்கும் சட்டத்தில் 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட பின், வீட்டில் கற்றவர்கள் பலர் ஆலை தொடங்கினார்கள். (தமிழ்நாட்டில் அது குற்றம், இங்கே முயல வேண்டாம்.) இன்று அங்குள்ள ஆலைகள் 9,000க்கும் மேல்.

முதலில் வாங்க வேண்டியது, கலிஃபோர்னியாவின் சிக்கோ நகரில் 1980இல் உற்பத்தியைத் தொடங்கிய சியரா நெவாடா ஆலையின் பேல் ஏல் என்னும், லாகரைவிட மணமும் கசப்பும் கூடிய பீர். வாங்கும்போது நிறுவனத்தின் பெயரைவிட, அடைத்த தேதியையே முக்கியமாகப் பாருங்கள். பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூவின் மணம் சில மாதங்களில் மங்கிவிடும். பதநீரை எப்போது இறக்கியது என்று கேட்டு வாங்கும் நம் ஊர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அலமாரியில் இருப்பதை விட்டு, குளிர்பெட்டியில் இருப்பதை எடுங்கள். ஒளி பட்டால் ஹாப்ஸ் கெட்டு நாற்றமடிக்கும் என்பதால், பழுப்புக் கண்ணாடிப் புட்டியோ கேனோ நல்லது. தலைகீழான புட்டி வரைந்த முத்திரை, அந்த ஆலை பெருநிறுவனத்தின் பிடியில் இல்லை என்பதைக் காட்டும். சுவைக்கு அது உத்தரவாதமன்று.

வீட்டுக்கு வந்ததும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வையுங்கள். பேல் ஏலுக்கு 7 முதல் 10 பாகை செல்சியஸ் ஏற்றது; அதைவிடக் குளிர்ந்தால் நாக்கு மரத்துச் சுவை தெரியாது. சோப்பு வாடையில்லாத கண்ணாடிக் குவளையில் நுரை எழும்படி ஊற்றி, குடிக்குமுன் முகர்ந்து பாருங்கள்: காஸ்கேட் என்னும் அமெரிக்க ஹாப்ஸின் பம்பளிமாஸ் தோல் போன்ற மணமும், பைன் மரப் பிசினின் வாசனையும் எழும். பக்கத்திலேயே ஒரு பட்வைசரை வைத்து இரண்டையும் மாறி மாறிச் சுவைத்தால், உலகம் எதை வைத்துத் தீர்ப்புச் சொன்னது என்பது அப்போதே புரிந்துவிடும்.

அதன் பிறகு ஆலையோடு சேர்ந்த குடியறைக்குச் செல்லுங்கள். 21 வயது நிறைந்ததற்குச் சான்றாகப் பாஸ்போர்ட் கேட்கலாம். கார் ஓட்டுபவர் குடிக்கக் கூடாது. அங்கே நான்கைந்து வகைகளைச் சிறு குவளைகளில் தருவார்கள். இலேசான லாகரில் தொடங்கி, பேல் ஏல், ஹாப்ஸ் இன்னும் மிகுந்த ஐபிஏ, கடைசியாக வறுத்த தானியத்தால் கறுத்த ஸ்டவுட் என்ற வரிசையில் அருந்துங்கள், ஏனெனில் கசப்பு மிகுந்ததை முதலில் குடித்தால் மற்றவற்றின் நுட்பம் மறைந்துபோகும்.

ஊருக்குக் கொண்டுவர விரும்பினால், ஐபிஏ வேண்டாம். பயணமும் நெல்லை வெயிலும் அதன் மணத்தைக் குலைத்துவிடும். சாராயச் சத்து மிகுந்த ஸ்டவுட் கேன்களைத் துணியில் சுற்றி, விமானத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள்.