பூட்டனாரின் வாழ்வை அவர் காலத்து வரலாற்றோடு பொருத்துவது எப்படி?

மூதாதையர் ஒருவரின் வாழ்க்கையை எழுத முற்படுவோர் வரலாற்று நூல்களைப் பிறகு எடுக்கலாம். முதலில் வீட்டுப் பெட்டகத்திலுள்ள சாதகம், காணி உறுதி, இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கன்று வெளியிட்ட கல்வெட்டு எனப்படும் நினைவு நூல் ஆகியவற்றை எடுங்கள். கல்வெட்டு இடப்பெயர்வில் தொலைந்திருந்தால், ஈழத்துத் தமிழ் வெளியீடுகளைத் தொகுக்கும் 'நூலகம்' இணையத்தளத்திலுள்ள நினைவு வெளியீடுகளில் ஊர்ப்பெயரைக் கொண்டு தேடிப் பாருங்கள்.

அடுத்தது ஆண்டை நிறுவுதல். நான் நெடுநாள் தடுமாறி நின்ற இடம் இது. என் பூட்டனாரின் சாதகத்தில் 'விசுவாவசு வருடம், தை மாதம்' என்றே இருந்தது. விசுவாவசு 1845, 1905, 1965 என அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதால், மூத்த பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் கொண்டு 1905 ஐத் தெரிந்தேன். ஆனால் அவர் பிறந்தது 1905 இல் அல்ல. தமிழ் வருடம் சித்திரையில் பிறப்பதால், மார்கழியின் பிற்பாதி முதல் பங்குனி முடியும்வரை பிறந்தவர்களுக்கு அடுத்த ஆங்கில ஆண்டையே எழுத வேண்டும். ஆகவே அவருடைய பிறப்பு 1906. சாதகத்தில் கிழமையும் குறிக்கப்பட்டிருக்குமாதலால், கணித்த திகதியை அதனோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். கல்வெட்டில் இறந்த நாளைக் கூறும் பாடலான திதி வெண்பாவில் வரும் இறப்பு ஆண்டுக்கும் இதே கணக்குத்தான்.

இனி ஆண்டு, வயது, இருந்த இடம், நிகழ்வு என நான்கு நிரல்கள் கொண்ட அட்டவணை ஒன்றை எக்செல்லில் அமையுங்கள். வம்சாவளிச் செயலிகளை நான் விரும்புவதில்லை. அவை உறவைக் காட்டுமளவுக்கு ஒருவரின் இடமாற்றத்தைத் தெளிவாகக் காட்டுவதில்லை. எந்த வரலாறு அவரைத் தொட்டது என்பதைத் தீர்மானிப்பது இடந்தான். 1931 இல், யாழ்ப்பாண இளைஞரின் அரசியல் அமைப்பான வாலிபர் காங்கிரஸின் அறைகூவலை ஏற்று யாழ்ப்பாணத்தில் சட்டசபைத் தேர்தல் புறக்கணிக்கப்பட்டபோது, பூட்டனாருக்கு வாக்களிக்கும் வயது வந்திருந்தது. ஆயினும் அவர் மலாயாவில் உத்தியோகத்தில் இருந்ததால், அந்த நிகழ்வை ஊரிலிருந்த அவருடைய தந்தையாரின் வரிசையில் எழுதினேன். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்ததோ அவருடைய வரிசைக்கும் அவர் மனைவியான பூட்டியாரின் வரிசைக்கும் உரியது: அங்கே அவர் ஆக்கிரமிப்புக்குள் அகப்பட்டார், இங்கே பூட்டியார் மாதாந்தம் வந்த பணமும் கடிதமும் நின்றுபோக, பிள்ளைகளோடு தனித்திருந்தார். இப்படி ஊரிலிருந்தோருக்கும் தனி வரிசை வையுங்கள்; இல்லையேல் பெண்களின் வாழ்வு முழுவதும் விடுபட்டுப்போகும்.

பின்சேர்க்கை: அவர் எங்கிருந்தார் என்பதை எப்படி அறிவது என வாசகர் சிலர் கேட்டிருந்தார்கள். காணி உறுதியை வரிவரியாக வாசியுங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி மனைவி தன் சீதனக் காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவ்விடத்தில் அவரே ஒப்பமிட்டிருந்தால் அந்நாளில் ஊரில் இருந்திருக்கக்கூடும். அவருக்குப் பதிலாக ஒப்பமிட எழுத்தில் அதிகாரம் (தத்துவம்) பெற்ற அற்றோணித் தத்துவக்காரர் ஒப்பமிட்டிருந்தால் அவர் ஊரில் இல்லையென்றே முதலில் கருதி, அந்தத் தத்துவப் பத்திரம் எந்த ஊரில் முடிக்கப்பட்டதென்று தேடுங்கள். உறுதி கைவசம் இல்லாதவர்கள், காணியின் பெயரும் உறுதியை எழுதிய நொத்தாரிசின் பெயரும் உறுதி இலக்கமும் தெரிந்தால், காணிப் பதிவகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம்.