தம்பியை இல்லத்தில விடமுன்னம் பின்னேரம் அஞ்சரைக்கு ஒருக்காப் போய்ப் பாருங்கோ

அம்மாவுக்கு எழுபத்தாறு, தம்பிக்கு நாப்பத்திரண்டு, தம்பிக்கு மனவளர்ச்சி குறைவு, வலிப்பும் இருக்கு. அம்மாவால அவனைக் குளிப்பாட்ட ஏலாமல் போனபிறகுதான் நாங்கள் யாழ்ப்பாணம் முழுக்க இல்லம் தேடி அலைஞ்சம், முதல் விட்ட இடத்தில பிழையும் விட்டம், அதால சொல்லுறன்.

முதல் பாக்கவேண்டியது இல்லத்தின்ர பதிவு. வலுவிழந்த ஆக்களின்ர உரிமையைப் பாதுகாக்கிற 1996ம் ஆண்டு 28ம் இலக்கச் சட்டத்தில இப்பிடியான இடங்களைப் பதியிறதுக்கு ஏற்பாடு இருக்கு. உங்கட பிரதேச செயலகத்தில சமூக சேவை உத்தியோகத்தரைப் பிடிச்சுக் கேளுங்கோ, கொடுப்பனவு விசயத்தையும் அதோட கேட்டுடுங்கோ. ஆனா பதிவுக் கடதாசி உங்கட ஆளைப் பாக்காது.

சொல்லிப்போட்டுப் போனா மாபிள் தரையும் சாமிப்படமும்தான் காட்டுவினம். சொல்லாமப் போங்கோ, பின்னேரம் அஞ்சரை போல, அந்த நேரம்தான் வேலையாக்கள் மாறுறதும் சாப்பாடு குளிசை எண்டு அந்தரப்படுறதும். உள்ளுக்க இருக்கிறவையளோட எப்பிடிக் கதைக்கினம் எண்டு காது குடுத்துக் கேளுங்கோ, பேர் சொல்லிக் கூப்பிடுகினமா இல்லாட்டி "டேய், இஞ்ச வா" தானா, நாப்பது வயசு ஆளை "பேபி" எண்டு கொஞ்சுறதும் எனக்குச் சரியாப் படேல்ல. ரொய்லெட்டுக்குக் கதவு இருக்கோ, அதைச் சாத்துகினமோ பாருங்கோ. ஆர் ஆர்ர உடுப்பு போட்டிருக்கினம் எண்டும் பாருங்கோ. முதல் இடத்தில எங்கட தம்பி வேற ஆற்றையோ சாறத்தோட நிண்டவன், நாங்கள் குடுத்த ஆறு சேட்டும் எங்க எண்டு கேட்டா எல்லாம் பொது எண்டிச்சினம்.

சாப்பாட்டில புட்டோ இடியப்பமோ எண்டு ஆரும் அவையளைக் கேக்கினமா? பகல் முழுக்க ரீவிக்கு முன்னால இருத்தி வைக்கிற இடம் வேண்டாம், தோட்டம், கோழி, கடைக்குப் போறது, என்னவாவது இருக்கோணும்.

மருந்துதான் பெரிய விசயம். வலிப்புக் குளிசை ஒரு நேரம் தவறினாலே வலிப்பு வரலாம், அதால ஆர் குடுக்கினம், எதில எழுதி வைக்கினம், கொப்பியைக் காட்டச் சொல்லுங்கோ. குழப்படி எண்டு சொல்லி நித்திரைக் குளிசை போடுறவையோ எண்டும் நேராவே கேளுங்கோ. டவுன் சின்ரோம் உள்ள ஆள் எண்டா தைரொயிட் ரெஸ்ட் ஒழுங்காச் செய்யோணும். பிறகு மலச்சிக்கல், சிரிக்காதேங்கோ, வாய்விட்டுச் சொல்லத் தெரியாத ஆக்களுக்கு அது உயிரையே எடுக்கும். வயித்துநோ வந்த ஆள் தலையை அடிச்சுக் கத்தும், அதைப்போய்க் குழப்படி எண்டுடுவினம்.

லண்டனில இருந்து மாமா காசு அனுப்புறார், நல்ல இடம் கிடைச்சிடும் எண்டும் நம்பாதேங்கோ. இங்கிலாந்தில பிறிஸ்ரல் பக்கம் வின்ரர்போர்ன் வியூ எண்டு மனவளர்ச்சி குறைஞ்ச ஆக்களுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரி இருந்தது, ஒராளுக்குக் கிழமைக்குச் சராசரி 3500 பவுண்ஸ் எடுத்தவை. 2011ல பிபிசி ஆள் ஒருத்தர் வேலையாள் மாதிரிச் சேர்ந்து ஒளிச்சு வீடியோ எடுத்தபிறகுதான் உள்ளுக்க நடந்த அடி உதை வெளியில வந்தது, 11 பேருக்குத் தண்டனை, 6 பேர் ஜெயிலுக்குப் போனவை. அதுக்கு முன்னமே அங்க வேலை செய்த நேர்ஸ் ஒருத்தர் முறைப்பாடு குடுத்தும் ஒருத்தரும் காதில போடேல்ல. அதால ஒரு குறை எண்டா ஆரிட்டச் சொல்லுறது, எழுதி வாங்குவினமோ எண்டு சேர்க்க முன்னமே கேட்டுடுங்கோ.

விட்டாப்பிறகு ஒரே கிழமைநாளில போகாதேங்கோ, மாத்தி மாத்திப் போங்கோ. நகம், பல்லு, முதுகு பாருங்கோ, நிறையை எழுதி வையுங்கோ. பொங்கலுக்கு வீட்டை கூட்டிக்கொண்டு வாங்கோ. திரும்பக் கொண்டுபோய் விடேக்க ஓட்டோவால தானா இறங்கிறானோ, கம்பியைப் பிடிச்சுக்கொண்டு இறங்கமாட்டன் எண்டு இருக்கிறானோ பாருங்கோ. எங்கட தம்பி முதல் இடத்தில கம்பியை விடேல்ல.