அக்கம்பக்கத்துக்கும் சேர்த்து ஒரே கிறிஸ்துமஸ் கேக்

பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கும் கேக்குக்கு உலர்பழங்களை ரம்முக்குப் பதில் ஆரஞ்சு சாற்றில் ஊறப்போடுங்கள், முட்டைக்குப் பதில் தயிரும் சமையல் சோடாவும் சேருங்கள், கொடுக்கும்போதே "முட்டையும் இல்லை, மதுவும் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

திருவல்லிக்கேணி மாதிரி இடத்தில் ஒரே மாடியில் முஸ்லிம் வீடும் சைவச் சாப்பாட்டுக்காரர் வீடும் இருக்கும், ரம்மோ முட்டையோ இருக்குமோ என்ற சந்தேகத்தில், வாங்கிக்கொண்டு சிரித்துவிட்டு சாப்பிடாமல் வேலைக்காரம்மாவிடம் கொடுத்துவிடுவார்கள், நமக்குத் தெரியவே தெரியாது. தயிரின் புளிப்பு சோடாவோடு சேர்ந்து வாயு உண்டாக்குவதால் முட்டை இல்லாமலே கேக் உப்பும். ரம் செலவும் மிச்சம். (பைபிளில் ரோமர் 14ஆம் அதிகாரத்தில் பவுல் பேசுவதும் பெரும்பாலும் இந்தச் சாப்பாட்டுச் சங்கடத்தைத்தான்.)

ஆனால் ரம் போட்ட கேக் மாதிரி இது வாரக்கணக்கில் தாங்காது, பழத்தை முந்தின நாள் ராத்திரி ஃபிரிட்ஜில் ஊறவைத்தால் போதும். அப்புறம், டிசம்பர் 25 மார்கழியில் வருகிறது. மாலை போட்டவர்கள், ஏகாதசி விரதம் இருப்பவர்கள், வெளிச் சமையலே தொடாதவர்கள் வீட்டுக்கு எந்தக் கேக்கும் வேண்டாம், முழுப் பழமாக வாங்கிக் கொடுங்கள்.