பழைய தலப்படத்தையும் புதியதையும் ஒப்பிட்டு மலைப்பாதையைத் தேர்வது

நீலகிரியின் அவலாஞ்சி, எமரால்டு பக்கம் நடக்க விரும்புவோர், இந்திய நில அளவைத் துறையின் பழைய ஓரங்குலத் தலப்படத்தையும் (மேடுபள்ளம், ஓடை, தடம் ஆகியவற்றைக் காட்டும் நில வரைபடம்) இன்றைய 1:50,000 தலப்படத்தையும் அருகருகே விரித்துப் பார்ப்பது நல்லது. முதலில் தாளின் ஓரத்தில் அச்சிட்ட குறிப்பைப் படிக்க வேண்டும். அச்சிட்ட ஆண்டைவிட அளவெடுத்த ஆண்டே முக்கியம். மறுபதிப்புகளில் சாலைகளை மட்டும் திருத்திவிட்டு மற்றதைப் பழையபடியே விட்டிருக்கலாம்.

பழைய தாள் 1:63,360 அளவையில், அதாவது ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் வரையப்பட்டது. அதில் 10 சென்டிமீட்டர் என்பது தரையில் 6.3 கிலோமீட்டர், புதிய தாளில் 5 கிலோமீட்டர்தான். சரிவும் இரண்டில் ஒரே மாதிரித் தெரியாது. ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளின் உயர இடைவெளி பழைய தாளில் 50 அடியாகவும் புதியதில் 20 மீட்டராகவும் இருந்தால், அதே சரிவுக்குப் பழைய தாளில் கோடுகள் ஒன்றரை மடங்குக்கும் மேல் நெருக்கமாக விழும். பழைய தாளின் உயர இடைவெளி 100 அடியானால், புதியதைவிடச் சற்றே தளர்ந்து தெரியும். எனவே கண்மதிப்பை விட்டுவிட்டு, ஏற்றத்தின் தொடக்கத்திலும் உச்சியிலும் உள்ள உயர எண்களைக் கழித்து, அடியை மீட்டராக்கிய பிறகே ஒப்பிட வேண்டும்.

பழைய தாள்கள் எவரெஸ்ட் ஸ்பீராய்டு என்னும் புவி வடிவக் கணக்கையும், 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் வந்த பொதுப் பயன்பாட்டுத் தாள்கள் ஜிபிஎஸ் கருவிகள் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்னும் கணக்கையும் பின்பற்றுபவை. பழைய தாளின் அட்ச, தீர்க்க எண்களை அப்படியே ஜிபிஎஸ் கருவியில் இட்டால், நீலகிரியில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி இடம் காட்டும். மூடுபனியில், ஓடையின் எந்தக் கரையில் நிற்கிறோம் என்பதே குழம்பிப்போகும். சிகரம், ஓடைகள் கூடுமிடம் போன்ற மாறாத மூன்று இடங்களைக் கொண்டு இரு தாள்களையும் பொருத்திக்கொள்ளலாம். சாலைச் சந்திப்புகள் இதற்கு ஆகா, அவை இடம் மாறியிருக்கக்கூடும்.

பழைய தாளின் அருமை நீர்த்தேக்கத்தருகே விளங்கும். குந்தா நீர்மின் திட்டத்துக்கு முன் அளவெடுத்த தாளில், இன்று எமரால்டு நீர்த்தேக்கம் இருக்கும் இடத்தில் ஓடையும் பள்ளத்தாக்கும்தான் இருக்கும். அணையின் முழு நீர்மட்டத்தை அடியாக மாற்றி, பழைய தாளில் அந்த உயரத்துச் சமவுயரக் கோட்டைப் பென்சிலால் ஓட்டினால், பழைய தடம் எங்கே நீருக்குள் இறங்குகிறது, எங்கே மறுபடி கரையேறுகிறது என்பது தெரிந்துவிடும். கரையேறும் இடத்திலிருந்து புதிய தாளிலும் தடம் தொடர்ந்தால் அதை நம்பிப் பார்க்கலாம். தொடராவிட்டால், புல்வெளியாக இருந்த இடம் இன்று சீகை மரக் காடாக அடைந்துகிடக்கலாம் என்று எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு.

பழைய தாளில் புள்ளிக்கோடாகத் தெரியும் எந்தத் தடமும் இன்று நடக்க உரிமை தருவதில்லை. முக்குருத்தி தேசியப் பூங்காவை ஒட்டிய காப்புக்காடுகளில் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பதால், வழியை இறுதி செய்யுமுன் இரு தாள்களின் நகலையும் வனச்சரக அலுவலகத்தில் காட்டிக் கேட்டுவிட வேண்டும்.